தட்டில் என் பக்கம்

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, ஊறிய கொண்டைக்கடலைக்குத் தண்ணீர் மாற்றினேன். இன்று குஸ்குஸ் என் முறை; ரவையை உதிரியாக ஆவியில் வேகவைத்து எடுக்க வேண்டும். வழக்கம்போல் கட்டிதட்டிப் போனது. நஜ்வா அண்ணி ஒரு உருண்டையை எடுத்துக் காட்டி, "வசீலா, இதைச் சுவத்துல அப்பினா சிமெண்டே வேண்டாம்டி" என்றாள். அண்ணன் சிரித்தான். நானும்தான்.

சாப்பிட்ட பிறகு அண்ணன் சொன்னான். நூமான் என்னைப் பெண் கேட்டிருக்கிறாராம். எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர், மனைவியை இழந்தவர். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு இப்படியொரு செய்தி.

"அடுத்த ஞாயிறு நம்மைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கார். அவரே சமைக்கிறாராம்."

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முதல்ல உயிரோட திரும்பி வருவோம். அப்புறம் பதில் சொல்லலாம்."

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆசிரியர் அறையில் நூமான். கல்யாணப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. குஸ்குஸ் பற்றித்தான் பேசினோம்! முதலில் எண்ணெய் தடவி, பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். ஆவியில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் தாம்பாளத்தில் கொட்டி உதிர்க்க வேண்டுமாம்.

"அடிப்பானைக்கும் மேல்பானைக்கும் நடுவுல மாவு தோய்ச்ச துணியைச் சுத்துங்க டீச்சர். ஆவி பக்கவாட்டுல ஓடிட்டா மேல எப்படி வேகும்?"

பிரிஞ்சி இலையை உள்ளே புதைப்பாராம். இறக்கியதும் பட்டையும் காய்ந்த ரோஜா மொட்டும் பொடித்துத் தூவுவாராம். சொல்லும்போதே அவர் விரல்கள் மேசைமேல் எதையோ உதிர்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு பொறுமையான விரல்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

போய் வந்தோம். கதவைத் திறந்ததுமே சோம்புக்கீரை வாசம். நூமான் கெர்கென்னா தீவுக்காரர். பார்லி குஸ்குஸ், வெயிலில் காயவைத்த பேய்க்கணவாய்க் குழம்பு. மணல் மாதிரி உதிர்ந்தது!

நடுவில் ஒரே பெரிய தட்டு. அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டியதுதான். தட்டு முழுக்க மிளகாய்ச் சிவப்பு. என் முன்னால் மட்டும் வெளிர் மஞ்சள் — மேலே வதக்கிய வெங்காயம், உலர்திராட்சை.

"இதென்ன, இந்த மூலைக்கு மட்டும் மஞ்சள்காமாலையா?" என்றாள் அண்ணி.

"அது டீச்சர் பக்கம். மிளகாய் விழுதைக் கரைக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் குழம்பை எடுத்து வச்சுட்டேன். அவங்களுக்குக் காரம் ஆகாது."

"ஆகாதா? எங்க வீட்ல இத்தனை வருஷமா தின்னுட்டுத்தானே இருக்கா!"

"பள்ளிக்கூட விருந்துல பார்த்திருக்கேனே. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு டம்ளர் தண்ணி."

நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே அது ஒரு விஷயமாகப் பட்டதில்லை. பிறகு தலை நிமிர்ந்து சாப்பிட முடியவில்லை. ஆனால் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

அண்ணன்: "இந்த வயசுல எதுக்கு? உனக்கு இங்க என்ன குறை? ஞாயித்துக்கிழமை பக்குவமா வேண்டாம்னு சொல்லிடறேன்."

குறை ஒன்றுமில்லை. எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நானாவது சொன்னேனா?

பாத்திரம் தேய்க்கும்போது அண்ணி, என்னைப் பார்க்காமல்: "உதிரி உதிரியாத்தான் இருந்துச்சு, இல்ல?" அவள் வாயிலிருந்து இதற்குமேல் ஒரு பாராட்டு வராது.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஞாயிறுவரை காத்திருக்கப் போவதில்லை. நாளை இடைவேளையில் நூமானிடம் நானே சொல்லிவிடுவேன், சம்மதம் என்று. அண்ணனுக்கு அப்புறம் தெரிந்தால் போதும்.