குனிந்து நடப்பவர்கள்

என் செல்ல மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் கோபம் தெரிந்தது. நேரில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

ஓட்டுநர் இல்லாத பேருந்துக்கு அரசு அனுமதி தரும் உன் துறையின் குழுவில், ஓய்வுபெற்ற பொறியாளர் என்று சொல்லி என்னைச் சேர்த்தவள் நீதான். அப்பா மறுபேச்சு பேசமாட்டார் என்று நம்பியிருப்பாய். சோதனையில் இளைஞர்கள் குறுக்கே நடந்தபோதெல்லாம் பேருந்து நின்றது. நான் நடந்தபோது நிற்கவில்லை. கம்பெனிப் பொறியாளர்தான் என்னைப் பிடித்து இழுத்தார். "குனிஞ்சு வந்தீங்களா சார், மூட்டைன்னு நினைச்சிடுச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

"அமைச்சர் தேதி குறிச்சாச்சுப்பா. கையெழுத்துப் போடுங்க, அப்புறம் சரி பண்ணிக்கலாம். இல்லேன்னா என் பதவிதான் போகும்" என்று போனில் சொன்னாய். நான் தயங்கினேன்; என்னைத் தடுப்பது என் படிப்பா, அன்று அடிபடப் பார்த்த பயமா என்று எனக்கே சந்தேகம். நீ போனை வைத்த பிறகு, கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்போது ஜன்னல் வழியே உன் அம்மா சாலையைக் கடப்பதைப் பார்த்தேன். அவளும் இப்போது குனிந்துதான் நடக்கிறாள். நீ வந்து நாளாகிவிட்டதால் உனக்குத் தெரிந்திருக்காது.

நான் கையெழுத்துப் போடவில்லை. கோபத்தோடாவது ஒரு தடவை வீட்டுக்கு வா. வாசலில் நின்று, அவள் கடைக்குப் போய்த் திரும்புவதை மட்டும் பார்.

நீ திட்டினாலும் கேட்டுக்கொள்ளும்,
உன் அப்பா