சுழியின் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

பதினோராவது 'அ'வும் குப்பைக்குப் போனது. குழந்தைகள் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகத்துக்குப் புதிதாக ஓர் எழுத்துரு வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டு ஆறு வாரம் ஆகிவிட்டது. நான் வரைந்ததெல்லாம் சுத்தமாக இருக்கிறது. இஸ்திரி போட்டு மாட்டிய சட்டை மாதிரி. உள்ளே ஆள் இல்லை.

இவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். எதைக் காட்டினாலும் அதுதான் சொல்வார். என்னைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் வீட்டில் இதே வார்த்தையைத்தான் சொன்னாராம்.

மார்ச் 6, வியாழன்

ஒன்றும் வரவில்லை. பென்சில்களைச் சீவினேன், மேசையைத் துடைத்தேன், அலமாரியை அடுக்கினேன். வேலை ஓடாதவள் செய்கிற வேலை எல்லாம் செய்து முடித்தாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

அத்தையின் மூக்குக்கண்ணாடி கால் ஒடிந்து கிடக்கிறது. மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம் என்று அவர் அறைக்குப் போனால், மருந்துக் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தானே படித்துக்கொண்டிருக்கிறார். "காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள், உணவுக்குப் பின்."

"கண்ணாடி இல்லாம எப்படி அத்தை?"

"இந்தப் பொண்ணு எழுதினா எனக்குக் கண்ணாடியே வேணாம். ஒவ்வொரு எழுத்தும் தனியா நின்னுக்கிட்டு, என்னைப் பாரு என்னைப் பாருங்குது."

ஆஸ்பத்திரிக்குத் தன் அம்மாவை அழைத்துப்போவது எப்போதும் இவர்தான். கவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. வாங்கிப் பார்த்தேன். பழுப்புத் தாள், நீலப் பேனா. 'உணவு' என்பதில் மூன்று சுழி 'ண'. மூன்றும் முழு வட்டம், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிது, பிள்ளைகள் உயரப்படி வரிசையில் நிற்கிற மாதிரி.

இந்த 'ண' எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கவில்லை, ஆனால் தெரியும்.

சுழி.

மார்ச் 10, திங்கள்

பதினேழு வயதில் நானும் அவளும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். பெயர் 'கொட்டாவி'. வரலாற்று வகுப்பில் பிறந்ததால் அந்தப் பெயர். மாதம் ஒரே ஒரு பிரதி, அறுபது பேர் கைமாறிப் படிப்பார்கள். திரும்பி வரும்போது ஓரமெல்லாம் நாய்க் காது மாதிரி மடிந்து, யாருடைய சாப்பாட்டு எண்ணெயோ பட்டு, கனமாகி வரும்.

படமும் தலைப்பும் நான். எழுத்து முழுக்க அவள். வேதியியல் ஆய்வகத்தின் பின்படிக்கட்டுதான் ஆபீஸ். மடியில் ஒரு பலகையை வைத்துக்கொள்வாள், உள்ளங்கையைச் சீருடையில் துடைப்பாள், மூச்சைப் பிடிப்பாள். வரி முடிந்தால்தான் மூச்சு விடுவாள். கவிதை கொண்டுவருகிறவர்களிடம், "வரி நீளம், எனக்கு மூச்சு முட்டுது. ரெண்டா உடைச்சுக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவாள். எங்கள் வகுப்புக் கவிஞர்கள் சின்ன வரியில் எழுதப் பழகியது அப்படித்தான்.

எழுத்தில் சுழி அழகு, குணத்திலும் சுழி. அதனால் அந்தப் பெயர். ஆசிரியர்களே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கந்தக வாடையும், காய்வதற்காக அவள் பக்கத்தை விசிறிக்கொண்டே பாட்டு முணுமுணுப்பதும்... என் வாழ்க்கையில் வேலை என்பது வேலையாகவே தெரியாமல் இருந்தது அந்தப் படிக்கட்டில்தான்.

மார்ச் 12, புதன்

அத்தை எதையும் தூக்கிப் போடாதவர். பழைய மருந்துக் கவர்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். நாற்பத்து மூன்று! கெஞ்சி வாங்கி, ஸ்கேன் செய்து, திரையில் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினேன். கோட்டின் மேல் கோடு ஓட்டினேன்.

'அ' வந்துவிட்டது. ஒரே மூச்சில்.

மார்ச் 17, திங்கள்

ஐந்து நாளாகத் தலை நிமிரவில்லை. அவள் போடும் ஒற்றைக்கொம்பு தொடங்கும் இடத்தில் பேனா கொஞ்சம் அழுந்துகிறது; குழந்தை அங்கேதான் விரல் வைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி. இதையெல்லாம் யோசித்து வரைய முடியாது.

மருந்துக் கவரில் வராத எழுத்துகள்தான் பாக்கி. 'ஞ' இரண்டே இடத்தில். 'ஔ' கிடையவே கிடையாது.

அவளைப் போய்ப் பார்க்கவேண்டும். அடுத்த வாரம்.

மார்ச் 21, வெள்ளி

பதிப்பாளரிடம் காட்டினேன். மனிதர் தாளை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "இத்தனை நாள் இதை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? எங்க இருந்து பிடிச்சீங்க?"

"சும்மா... மனசுல இருந்தது சார்."

மனசில் இருந்ததாம்.

மார்ச் 22, சனி

பதிப்பாளர் 'அசத்திட்டீங்க' என்று செய்தி அனுப்பியிருக்கிறார். பதில் போடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பள்ளி முடிந்த வருடம் ஓர் அச்சு நிறுவனம் புது எழுத்து வடிவத்துக்குப் போட்டி வைத்தது. சுழி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போயிருந்தாள். 'கொட்டாவி' பன்னிரண்டு இதழும் என்னிடம். அவற்றை விரித்து வைத்து, அவள் எழுத்தை மையால் பெரிதாக எழுதி, என் பெயரில் அனுப்பினேன். முதல் பரிசு. செய்தித்தாளில் என் படம், பக்கத்தில் எழுத்து. அந்தப் பரிசைக் காட்டித்தான் கல்லூரியில் இடம், அதைக் காட்டித்தான் முதல் வேலை.

அவளிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அந்த மாதத்தோடு நின்றது. ஏன் நின்றது என்று தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன். இதழ்களையும் எப்போதோ எரித்தேன். இடம் இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

தூண்டுதல் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, கூட்டங்களில் நானே எத்தனை முறை பேசியிருக்கிறேன்! இது தூண்டுதலா? அப்போது திருடினேன். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அதே கை. அதே வேலை. வயசுதான் ஆச்சு, புத்தி வரல.

இவரிடம் சொன்னேன். நல்லாத்தானே இருக்கு என்று சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும். நீ போறியா?" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

மருந்து கொடுக்கும் மூன்றாவது ஜன்னல். எனக்கு முன்னால் பதினாறு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை மேலங்கியில் நரைத்த தலை குனிந்திருந்தது. கை மட்டும் நீண்டது. சீட்டைக் கொடுத்தேன். உள்ளங்கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

"பேஷன்ட்டுக்கு நீங்க யாரு?"

"மருமக."

அந்தக் குரலுக்குத்தான் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா? ரெண்டு மணிக்கு சாப்பாடு. வெளியில பெஞ்சுல இரு. அடுத்தவங்க வாங்க."

பெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, கவர்கள், பதிப்பாளரிடம் சொன்ன பொய். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் தொடவே இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எங்கப்பாதான் பேப்பரைத் தூக்கிட்டு ஓடி வந்தார், உன் ஃப்ரெண்டு ஜெயிச்சிருக்கா பாருன்னு. படத்துக்குப் பக்கத்துல இருந்த எழுத்தைப் பாத்தார். அப்புறம் ஒண்ணும் பேசல. மடிச்சு உள்ள வெச்சுட்டார்."

"கோபமா இருந்துச்சா?"

"நல்லா கேட்ட போ! நாலு வருஷம் பேனாவைத் தொடவே பிடிக்கல. டைப்ரைட்டிங் கத்துக்கிட்டேன். என் கையெழுத்தைப் பாத்தா எனக்கே உன்னுது மாதிரி இருந்துச்சு." டப்பாவை மூடினாள். "இந்த வேலைக்கு வந்தப்புறம் ஒருத்தர், நான் கிறுக்கினது புரியாம, ரெண்டு வேளை மாத்திரையை ஒண்ணாப் போட்டுக்கிட்டு மயங்கி வந்தார். அன்னிலேர்ந்துதான் பழையபடி எழுதறேன். உன்னால விட்டதை அவருக்காகப் பிடிச்சேன்."

"உன் அனுமதி வேணும்."

"முன்னாடி கேக்கறதுக்குப் பேருதான் அனுமதி."

"முடியாதுன்னா மொத்தத்தையும் அழிச்சுடறேன்."

"யோசிக்கணும்" என்று எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பதிப்பாளரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போயிற்று. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. கையெழுத்துக்கு அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா பாக்கலாம். இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

நியாயம்தான்.

மார்ச் 31, திங்கள்

தொலைபேசி அடித்தபோதெல்லாம் ஓடினேன். ஒன்று வங்கி. ஒன்று தவறான எண்.

ஏப்ரல் 3, வியாழன்

அவளுக்கு இன்று வார விடுமுறையாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் முகவரி பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அத்தைதான் கதவைத் திறந்தார். ஜன்னலுக்குப் பின்னாலேயே பார்த்த முகம், உடனே பிடிபட்டுவிட்டது. "அடி நீயா! ஏழு நாள், உணவுக்குப் பின்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுழி சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை மடக்கிக்கொண்டாள்.

திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். 'ழ'வில் நின்றாள்.

"இது என்னுது இல்ல. அப்பவும் தப்பாத்தான் போட்ட, இப்பவும் தப்பு. வாலை ஏன் வெட்டின?"

"கீழ் வரியில இடிக்குது."

"இடிச்சா வரியைத் தள்ளு. வாலை வெட்டுவாங்களா?"

இருபது வருடமாக நான் செய்கிற தொழில். இதைச் சொல்ல ஒருத்தர் இல்லை எனக்கு. வரியைத் தள்ளினேன். பக்கம் முழுக்க மூச்சு விட்ட மாதிரி ஆனது.

புறப்படும்போது சொன்னாள். "கையெழுத்துப் போடறேன். ரெண்டு விஷயம். என் பேரு வரணும். பெருசா வேணாம், சரியா வரணும். இன்னொண்ணு, எங்கப்பாகிட்ட வந்து நீயே சொல்லணும்."

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். அவள் அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. சாய்வு நாற்காலியில் காதைக் கையால் குவித்துக்கொண்டு கேட்டார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் நான் செய்ததை இன்னொரு தடவை, சத்தமாக, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லவேண்டியிருந்தது. சுழி வாசலில் நின்றாள், உதவிக்கு வரவில்லை.

"பரிசு போனது எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "மார்க்கெட்டுக்குப் போறப்போ சாமான் சீட்டு எழுதித் தருவா. அதை நிறுத்திட்டா. வாயால சொல்லி அனுப்புவா. அதுதான்."

பேருந்தில் அழுதேன். யார் பார்த்தால் என்ன.

ஏப்ரல் 24, வியாழன்

வியாழன்தோறும் வருகிறாள். இன்று 'ஔ' மட்டும். பதினெட்டு முறை எழுதினாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு கவர்லயும் 'ஔ' வரலையே" என்றேன்.

"ஔடதம்னு எழுதி நீட்டினா பேஷன்ட் ஓடிடுவாங்க."

படிக்கட்டுக்குப் பிறகு இப்படிச் சிரித்தது இன்றுதான். ஆனால் சிரித்து முடித்ததும் இருவருக்குமே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சரி. ஒரேயடியாக எல்லாம் வந்துவிடுமா?

மே 8, வியாழன்

'கொட்டாவி'யை எரித்ததையும் சொல்லிவிட்டேன். பேனாவை மூடினாள். பிறகு, "பன்னிரண்டுமா?" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வியாழன் வருவாளா?

மே 15, வியாழன்

வந்தாள்.

ஜூன் 16, திங்கள்

புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் 'எழுத்து' என்று அவள் பெயர். அதன் கீழே 'எழுத்துரு ஆக்கம்' என்று என் பெயர். இதைவிடச் சரியாக என் வேலையை யாரும் எழுதியதில்லை. அத்தை கண்ணாடி போடாமல் அட்டை முதல் அட்டை வரை சத்தமாகப் படித்தார்.

மாலையில் பதிப்பாளர் கூப்பிட்டார். பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்துக்கு எண்கள் வேண்டுமாம். கேட்டுச் சொல்கிறேன் என்று சுழிக்குப் போன் செய்தேன்.

"எண்ணா? என்னால ஆகாது. நான் போட்ட 7-ஐப் பாத்து டாக்டரே 1-ன்னு படிச்சார், அதான் கவர்ல எண்ணையே எழுத்தால எழுதறேன். அது நீ எழுது."

"நானா? கையாலயா?"

"பின்ன காலாலயா? எழுது. வியாழக்கிழமை வந்து பாக்கறேன்."

கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து உட்கார்ந்தேன். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்துபோயிருக்கிறது. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்துப் பக்கம் எழுதினேன். இரண்டு கோணல். எட்டு இன்னும் விழுகிறது. மூன்று பரவாயில்லை. இல்லை, மூன்று நன்றாகவே இருக்கிறது.