கிணற்று மேட்டுத் தியானம்

காலையில் விடுதி வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டி நிறைய, அப்போதுதான் அறுத்த சோளத்தட்டு. அந்தப் பச்சை வாசனை மாடிவரை ஏறி வந்தது. அதன் பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. விடைத்தாள்களை எடுக்கிறேன், வைக்கிறேன். ஜன்னலுக்குப் போகிறேன், வருகிறேன். நீங்கள் காலமாகி வருடம் திரும்பப் போகிறது. பீளமேட்டில் இதே கல்லூரியில் அத்தனை காலம் சேர்ந்து வேலை பார்த்தும் ஒருவரை ஒருவர் ‘நீ’ என்று சொன்னதில்லை. இப்போதும் அது வரவில்லை.

நீங்கள் டிரில் டீச்சர், நான் ரசாயனம். இன்று மனம் நாச்சம்மாளையே சுற்றுகிறது. தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவர்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். அரைப் பரீட்சையில் என் பாடத்தில் தோற்ற பிறகு அவள் சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயை எடுப்பாள், எதையும் ஊற்றாமலே திரும்ப வைப்பாள். டாக்டரிடம் காட்டி, டானிக் கொடுத்து, கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பலாம் என்றேன் நான். நீங்களோ மாலையில் அவளோடு சுற்றுச்சுவருக்கு அப்பால் போய், சோளக்காட்டு நடுவிலிருந்த பழைய கிணற்று மேட்டில் உட்கார்ந்தீர்கள்.

ஒருநாள் வேவு பார்ப்பதுபோல நானும் வந்தேன்.

“கண்ண மூடிக்க கண்ணு. காதுல உழுகறத மட்டும் கேளு. காத்துன்னா காத்து, குருவின்னா குருவி. நல்லாருக்குதுன்னும் வேண்டாம், நல்லால்லைன்னும் வேண்டாம்,” என்று அவளிடம் சொன்னீர்கள்.

திரும்பும் வழியில் கேட்டேன்: “காத்து வாங்கினா மனசு சரியாயிடும்னு எந்தப் புஸ்தகத்துலங்க இருக்கு?”

“உங்களுக்கு எல்லாத்தையும் குழாய்ல ஊத்திக் காட்டோணுங்க அக்கா,” என்று சிரித்தீர்கள். “எனக்குந் தெரியாதுங்க. நேத்து ரெண்டு இட்லி தின்னா. நான் அதத்தான் பாத்துட்டிருக்கேன்.”

நாச்சம்மாளின் ஊர்க்காரர் ஒருவருக்கு இங்கே மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து சைக்கிளில் போனவர், நாச்சம்மாள் கிணற்று மேட்டில் கண்மூடி இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். உங்களைச் சோளம் மறைத்திருக்கும். நம் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண் தனியாகக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தால், குதிக்கப் போகிறாள் என்று ஒரே அர்த்தம்தான். அவர் ஊரில் போய்ச் சொல்ல, மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் அப்பா வந்து இறங்கினார். வந்ததும் டிரங்குப் பெட்டியைக் கட்டச் சொன்னார். அவள் போனால் படிப்பு அதோடு முடிந்தது; ஊரில் மாமன் மகன் தயாராக இருந்தான்.

“ஏனுங்கம்மா, எம்புள்ளயக் கெணத்து மேட்டுல உக்கார வெச்சு என்னங்க பாடம்?” என்று உங்களைக் கேட்டார்.

“சும்மா உக்கார்ற பாடமுங்க.”

“சும்மா உக்கார்றதுக்கு எங்கிட்டயே காடு கெடக்குதுங்க. அதுக்கு எதுக்குங்க காலேசு, பீசு?”

எனக்குச் சிரிப்பு வந்தது; அவர் கேள்வியில் தர்க்கம் இருந்தது. நாச்சம்மாள்தான் பேசினாள்.

“ஊட்டுல உக்காந்தா ஆளுக்கொண்ணு கேப்பீங்கப்பா. டீச்சர் ஒண்ணுமே கேக்கறதில்லீங்க.”

அவர் தோள்துண்டைக் கையில் சுருட்டினார். “நெசத்தச் சொல்லு கண்ணு. கெணத்துல உழுந்துபோடலாம்னு நெனச்சயா?”

“மொதல்ல நெனச்சனுங்கப்பா.” தலை நிமிராமல் சொன்னாள். “இப்ப இல்லீங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, மகளுக்கென்று கொண்டு வந்திருந்த நிலக்கடலைப் பையை உங்கள் மேஜைமேல் வைத்தார். “பாத்துக்குங்க அம்மணி,” என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று உங்கள்மேல் எனக்குக் கடும் கோபம். “போயும் போயும் அந்தக் கெணத்துக்கா அவளைக் கூட்டிட்டுப் போவீங்க?”

“நான் எங்கீங்க கூட்டிட்டுப் போனேன்? அவ தெனமும் தனியா அங்கதான் போயிட்டிருந்தா. போகாதேன்னா வேற கெணறு தேடுவா. அதான் நானும் போய்ப் பக்கத்துல உக்காந்துட்டேன்.”

நாச்சம்மாள் இப்போது சத்தியமங்கலத்தில் ஆசிரியை. உங்கள் காரியத்துக்கு வந்தவள், ஓரமாக நின்றுவிட்டுப் போனாள்.

காற்றும் குருவியும் இளம் மனதைத் தேற்றும் என்பதை இன்றும் நான் முழுதாக நம்பவில்லை. அவளைத் தேற்றியது சோளக்காடா, நீங்களா, வெறும் காலமா? பிரித்தெடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த வாரம் முதலாண்டுப் பெண் ஒருத்தி, மாலையானால் தண்டவாளப் பக்கம் நடக்கிறாள். நேற்று நானும் பின்னால் போனேன். சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. காதில் விழுவதை மட்டும் கேள் என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடினாள். என்னால் மூட முடியவில்லை. அப்போதுதான் உறைத்தது: அந்த மேட்டில் நீங்களும் கண்ணை மூடியதில்லை. நாச்சம்மாளையேதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மணி ஐந்தாகப் போகிறது. அந்தப் பெண் கிளம்பியிருப்பாள். நான் போக வேண்டும்.