இரண்டாவது எஸ்எஸ்டி வந்த பிறகு

ஆகஸ்ட் 3, 2025

"டீச்சர், அந்த மடையில தண்ணி வந்தா எங்க மடை எதுக்குக் காயணும்?"

கலைச்செல்வி ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது என்னிடம் கேட்டது. மின்சுற்று நடத்திக்கொண்டிருந்தேன். வாய்க்காலை உதாரணம் காட்டினால் புரியும் என்று நினைத்தேன். "வாய்க்கால் ஒன்று, மடையை அடைக்கிற பலகையும் ஒன்று. பலகையை எந்தப் பக்கம் செருகுகிறார்களோ அந்தப் பக்கம் காயும்" என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. இன்று அவளைப் பாளை மார்க்கெட்டில் பார்த்தேன். கோபாலசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "இப்பவும் எங்க மடைதான் டீச்சர் காயுது" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தால் ஜாபேஸின் பழைய பாட்டு. "இடமில்ல அத்தை, டிஸ்க்ல இடமில்ல." தம்பி மகன், ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்யாண வீடியோ எடுக்கிறான். நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய கம்ப்யூட்டரில்தான் அவன் தொழில் நடக்கிறது. விண்டோஸுக்கு எஸ்எஸ்டி என்கிற சின்னச் சேமிப்புத் தகடு ஒன்று, கல்யாணங்களுக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். இன்னொரு எஸ்எஸ்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

வந்துவிட்டது. அடிஸ்கேலை முறித்த துண்டு போல இருக்கிறது. இதற்குள் நூறு கல்யாணம் அடங்குமாம்.

"வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றுதான் ஜாபேஸ் சொன்னான். அவன் வர மாலையாகும். ஆசை விடவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டேன், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கிவிட. மதர்போர்டில் இரண்டாவது இடம் காலியாக இருந்தது. சாய்த்துச் செருகி, பைய அமுக்கி, கடுகு போன்ற திருகாணியை முடுக்கினேன். கம்ப்யூட்டரைப் போட்டு, புதியதை ஃபார்மட் செய்து, 'கல்யாணம் 2' என்று பெயரும் வைத்தேன். 

ஆகஸ்ட் 7

பழைய டிஸ்க்கைக் காணவில்லை. பெட்டிக்குள் இருக்கிறது, திரையில் இல்லை. போன வாரம் எடுத்த புன்னக்காயல் கல்யாணம் அதில்தான் இருக்கிறது. கேமரா கார்டைத் துடைத்துவிட்டானாம்.

"என்ன செஞ்சிய அத்தை? திரையில ரெண்டும் ஒரே சைஸுதான் காட்டும். புதுசுன்னு நெனச்சு பழச அழிச்சிட்டிய."

"இல்லலே. பேரைப் பாத்துத்தானே..."

"பாத்திய. நல்லா பாத்திய."

டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றினான். அழிந்ததை மீட்டுத் தருகிற மதுரைக் கடைக்குக் கொண்டுபோகிறான். பெட்டிமேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட்டான்.

பார்த்துத்தான் செய்தேன். செய்தேன்தானே?

ஆகஸ்ட் 9

கல்யாணப் பெண்ணின் அப்பா புன்னக்காயலிலிருந்து வந்தார். சத்தம் போடவில்லை. "மாப்பிள்ளை கப்பலுக்குப் போயாச்சு. இனி ரெண்டு பேரையும் சேத்து எங்கன பாக்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 12

ஒன்று இடிக்கிறது. கரும்பலகையை அழித்தால் எழுத்துதான் போகும், பலகை போகாது. பழையதை நான் அழித்திருந்தால் அது வெறும் டிஸ்க்காகவாவது திரையில் நின்றிருக்க வேண்டும். அன்று நான் கண்டது விண்டோஸ் ஒன்று, புதியது ஒன்று. மூன்று இருந்திருக்க வேண்டாமா? ஏன் அன்றே எண்ணவில்லை?

ஜாபேஸிடம் சொன்னேன். "எனக்குப் பாடம் எடுக்காதிய. பென்ஷன் வாங்கியாச்சுல்லா" என்றான். அவன் மனைவி பெர்சிஸ் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 17

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே பெர்சிஸ் போய்ப் பார்க்கிறாள். குழாயையும்.

கோயிலில், நான் வகுப்பெடுக்கும் ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பாளர் ஜேசுதாசன் அண்ணாச்சி அருகே வந்தார். "டீச்சர், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. பிள்ளையள கிறிஸ்டி பாத்துக்கிடும்." யார் சொன்னது என்று கேட்டேன். "தம்பிதான் வருத்தப்பட்டாவ. மறதி ஜாஸ்தியாயிட்டுன்னு."

தம்பி பாக்கியசீலன். அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஆகஸ்ட் 21

மறதி டாக்டர். தம்பி என் கையைப் பிடித்து மாடி ஏற்றினான். கைப்பிடிச் சுவர் இருந்தது, அது போதும் எனக்கு.

கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டு வரை வந்துவிட்டு, "பூஜ்யத்துக்குக் கீழேயும் போகணுமா டாக்டர்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "ஆரம்பத்துல இப்படித்தான் தெளிவா இருக்குமாம்."

ஆகஸ்ட் 26

இன்று அடுப்பை அணைத்துவிட்டு நானே திரும்பிப் போய்ப் பார்த்தேன். இரண்டு தரம்.

ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ?

செப்டம்பர் 2

மதுரையிலிருந்து போன். ஜாபேஸ் எடுக்காததால், அவன் கொடுத்திருந்த இன்னொரு எண்ணுக்கு, என் எண்ணுக்கு, அடித்திருக்கிறார்கள். இர்ஷாத் என்ற பையன்.

"அம்மா, அந்த டிஸ்க்கை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. வந்த மறுநாளே சார்ட்ட சொல்லிட்டேன், அதுல ஒரு கோளாறும் இல்ல. ஒண்ணுமே அழியல. கல்யாணத்தை மட்டும் காப்பி பண்ணி வாங்கிட்டுப் போனாரு, டிஸ்க்கு இங்கயே கெடக்கு."

வந்த மறுநாளே.

அவனிடமே கேட்டேன். "தம்பி, ஒரு சந்தேகம். மதர்போர்டில் இரண்டாவது இடத்தில் புது எஸ்எஸ்டி செருகினால் பழைய டிஸ்க் காணாமல் போகுமா?"

"போகும்மா. சில போர்டுல அந்த இடத்துக்கும், டிஸ்க்கு வயரைக் குத்துற சாட்டா வாய் ஒண்ணுக்கும் ஒரே வழிதான். புதுசு உட்கார்ந்தா அந்த வாய் மூடிக்கும். வயரை வேற வாய்க்கு மாத்திட்டா தெரியும்."

"ஒரே வாய்க்கால், ஒரே பலகை" என்றேன்.

"என்ன பலகைம்மா?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்று போனை வைத்தேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

சாப்பிடும்போது கேட்டேன். "மதுரைக்காரன் போன் பண்ணினான். உனக்கு அப்பவே தெரியுமாமே?"

ஜாபேஸ் தட்டையே பார்த்தான். "அதான் கல்யாணம் கெடச்சிட்டுல்லா அத்தை. இப்ப என்னத்துக்கு?"

தம்பியைப் பார்த்தேன். "கோயில்ல போய்ச் சொல்லுவியா?"

"என்னன்னு சொல்ல? எங்க அக்காவுக்கு மறதி இல்லன்னா? கேட்டா சிரிப்பாவ. விடுக்கா, சோத்தத் தின்னு."

தின்றேன். நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் குரல் உயர்த்தாதவள். உயர்த்த வேண்டிய இன்றும் ஏன் உயர்த்தவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3

அவன் மேல் கோபம்தான். ஆனாலும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். "டிஸ்க்கு நல்லா இருந்தும் ஏன் காணாமப் போச்சுன்னு கேளு..."

"வேண்டாம் அத்தை. நீங்க அந்தப் பொட்டிய இனி தொடாதிய. அது போதும்."

செப்டம்பர் 7

ஆராதனை முடிந்து வாசலில் ஜாபேஸ் சொல்லிக்கொண்டிருந்தான். "மதுரையில போராடி மீட்டோம் அண்ணாச்சி." எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்து, "கவலப்படாதிய டீச்சர், வயசானா வாரதுதான்" என்றாள். கையை உருவிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

கிறிஸ்டியின் வகுப்பிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 14

நான் தனியாக இருக்க, சாந்தி நகரில் வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்தேன். அங்கே நான் மூடிய குழாய் மூடியதுதான்.

செப்டம்பர் 20

தம்பி தடுத்தான். "ஊர் என்ன சொல்லும்?" என்றான். "எனக்கு மறதிதானே, அதையே சொல்லு" என்றேன். கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டு இங்கே குடி வந்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 5

இந்த வீட்டில் காலை வெயில் சமையலறை வரை வருகிறது. ஒருவருக்குச் சமைக்க இன்னும் அளவு வரவில்லை. மீந்துபோகிறது.

மத்தியானம் பெர்சிஸ் போன். அழுகிறாள்.

"பெரியத்தை, நேத்து மதுரையில இருந்து டிஸ்க்கக் கொண்டாந்து மாட்டினாவ. மறுபடியும் காணல. நான் தூசி தட்டும்போது என்னமோ பண்ணிட்டேன்னு சொல்லுதாவ. மாமாவும் அதத்தான் சொல்லுதாவ. நான் ஒண்ணும் தொடல பெரியத்தை. நெசமா தொடல."

 என் பின்னாலேயே வந்து அடுப்பைப் பார்த்தவள். அந்தச் சிரிப்பும் எனக்கு மறக்கவில்லை. போனை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"கேக்கியளா பெரியத்தை?"

"கேக்கேன். அழாத. அவன் எங்க இருக்கான்?"

"இங்கனதான். மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருக்காவ."

"அவனப் பக்கத்துல நிப்பாட்டு. அவன் கண்ணு முன்னாலதான் செய்யணும். பிளக்கப் பிடுங்கிட்டு, பழைய டிஸ்க்குல இருந்து வார பட்டை வயரு மதர்போர்டுல குத்தியிருக்க வாயில இருந்து உருவி, அடுத்த வரிசையில காலியா இருக்க வாயில குத்திப் பாரு."