கதவைத் திறந்தவளுக்கு ஒரு சாட்சி

ஐப்பசி 4, திங்கள்

விடியலிலிருந்து மழை. பள்ளிக்கூடம் அரை நாள்தான். கடைவாய்ப் பல் வலி. கிராம்பை அடக்கிக்கொண்டே கணக்குப் பாடம்.

மாலையில் குழு அறை. குழு என்று பேர்தான் பெரிது. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு மாடி அறை, ஒரு பெஞ்சு, நான். புதுச்சேரியிலிருந்து எல்லை தாண்டி ஓடி வருகிறவர்களுக்கு வக்கீல் பார்ப்பது, ஜாமீனுக்கு ஆள் பிடிப்பது, தங்க இடம் கேட்பது என் வேலை. இங்கே வெள்ளைக்காரன் போய்விட்டான். அங்கே பிரெஞ்சுக்காரன் இன்னும் இருக்கிறான். இந்தியாவோடு சேர வேண்டும் என்று வாய் திறந்தவர்கள் அடி வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார்கள்.

இன்று வந்தவள் தனபாக்கியம். முப்பது வயதிருக்கும். கணவர் சைகோனில் வாட்ச்மேன். ஊர்ப் பெரிய மனிதரின் வைக்கோல் போருக்கு இவள் தீ வைத்தாளாம். பிடித்து ஒப்படையுங்கள் என்று அந்தப் பக்கத்துப் போலீஸ் கேட்டிருக்கிறது. அடுத்த செவ்வாய் மஞ்சக்குப்பத்தில் மாஜிஸ்திரேட் விசாரணை, அதுவரை ஜாமீன். ஒப்படைத்துவிட்டால் அங்கே இவளுக்காகப் பேச யாரும் இல்லை.

“நெருப்பு வெச்சீங்களா?”

“இல்ல டீச்சர்.”

“அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தீங்க?”

“வூட்டுலதான்.”

“கூட யாரு இருந்தா?”

புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தரையெல்லாம் தண்ணீர்.

பள்ளிக்கூட ஆயா வீட்டில் தங்க வைத்தேன். ஆயா முகம் சுளிக்கவில்லை. நல்ல மனுஷி.

ஐப்பசி 6, புதன்

மழை விட்டது. புழுக்கம். கொடியில் துணி காயவே இல்லை.

தனபாக்கியத்தை வக்கீல் சபாபதியிடம் அழைத்துப் போனேன். காசு வாங்காமல் நம் குழுவுக்கு வாதாடுகிறவர். கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். அரசியல் காரணத்துக்காகத் துரத்தப்பட்டவர்களை ஒப்படைக்க வேண்டாம் என்று சட்டம் இருக்கிறதாம். கட்சியில் இருந்தேன் என்று இவள் சொன்னால் போதும்.

“ஒரு வார்த்தைம்மா. ‘ஆமா’ன்னு சொல்லு.”

“நா எந்தக் கட்சியும் இல்லீங்க. கொடிகூடப் புடிச்சதில்ல.”

“உன்ன காப்பாத்தத்தானே சொல்றேன்?”

“எப்ப சேந்த, யாரு சேத்தாங்கன்னு கேப்பாங்க. பொய்ய நெனப்பு வெச்சுக்கினு திரிய என்னால ஆவாதுங்க.”

ஆயா வீட்டுக்கு நடந்து திரும்பும்போது அவளாகவே சொன்னாள். அன்று அந்தி நேரத்தில் கொல்லைக் கதவில் ஒரு ஆள் வந்து விழுந்தார். காதர், மில் தொழிலாளி. இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர். கட்டையால் அடித்திருக்கிறார்கள். கை பிளந்து ரத்தம். உள்ளே இழுத்துப் படுக்கவைத்து, விடியும்வரை துணியை மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறாள். வைக்கோல் போர் எரிந்தது அந்த நேரத்தில்தான். மறுநாள் அவர் எல்லை தாண்டிவிட்டார். அதே தீயில் அவர்மேலும் கேஸ். இப்போது சிதம்பரத்தில் மாமா கடையில் இருக்கிறார்.

“சாட்சிக்கு அவரு வந்தா அவர புடிச்சுடுவாங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்.”

சரி என்றேன்.

ஐப்பசி 7, வியாழன்

சொல்லிவிட்டேன். வக்கீலிடம் மட்டும்.

சொல்லாமல் வைத்து அவளை இழப்பதா? பகல் முழுக்க இதே யோசனை. பிள்ளைகள் போட்ட கணக்கைத் திருத்தினேன், எது சரி எது தப்பு என்று மனதில் பதியவே இல்லை.

சபாபதி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “அந்த ஆள் வந்து நின்னா கேஸ் அன்னிக்கே முடியும். ஆனா அவரு கோர்ட்ட விட்டு வெளிய போக முடியாது, புடிச்சுடுவாங்க. நீங்க வான்னு கூப்புடாதீங்க. நெலமைய மட்டும் சொல்லுங்க. முடிவு அவருது.”

ஞாயிறு செய்ய வேண்டியவை:
காலை ரயில். பல்லுக்கு மருந்து. ஆயாவுக்கு அரிசி. தனபாக்கியத்திடம் எங்கே போகிறேன் என்று — (என்ன சொல்வது?)

ஐப்பசி 10, ஞாயிறு

சிதம்பரம். பரங்கிப்பேட்டையில் மீன் கூடைகள் ஏறி, இறங்கும்வரை அந்த வாசனைதான். தேர் வீதிகளில் சேறு. கோயிலுக்குள் போகவில்லை. போகத் தோன்றவில்லை.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை. காதருக்கு இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். வலது கையால் மாவாட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் யார் என்று சொன்னதும் குழவியை நிறுத்திவிட்டார்.

“அக்கா நல்லாருக்காங்களா?”

நிலைமையைச் சொன்னேன். வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். வா என்று சொல்லவில்லை.

மாமா கல்லாவிலிருந்தே குறுக்கிட்டார். “யம்மா, இவனே உசுரு பொழச்சு வந்துருக்கான். மறுபடி அங்க தூக்கிக் குடுக்கவா? நீங்க டீய குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

தப்பாகவே தோன்றவில்லை அவர் சொன்னது.

காதர் கேட்டார். “என் பேர அவுங்க சொல்லலியா?”

“சொல்லல. சொல்லக் கூடாதுன்னு என்கிட்டயும் கேட்டுக்கிட்டாங்க.”

கையைக் கழுவினார். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் மாமா.

ரயிலில் ஒரே நினைப்பு. வா என்று சொல்லவில்லைதான். ஆனால் அத்தனை தூரம் போய் எதிரில் உட்கார்ந்தேனே, அதற்கு வேறு என்ன அர்த்தம்?

ஐப்பசி 12, செவ்வாய்

மஞ்சக்குப்பம் கோர்ட். காற்று, சாரல். காதர் வந்துவிட்டார், மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு. அவரைப் பார்த்ததும் தனபாக்கியம் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை எழுத வரவில்லை.

நடந்ததை நடந்தபடி சொன்னார். அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்தார்.

“பொம்பள தனியா இருக்கிற வூட்டுல ராத்திரி முழுக்க உனக்கு என்னய்யா வேலை?”

“மயங்கிக் கெடந்தேனுங்க. அதுதான் வேலை.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. காதரின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். தனபாக்கியத்தை ஒப்படைக்க வேண்டியதில்லை என்று உத்தரவு.

வராந்தாவில் போலீஸ் காத்திருந்தது. காதரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்படித்தான் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தனபாக்கியம்: “சொல்லாதீங்கன்னேனே டீச்சர்.”

“ஆமா.”

“என்ன காப்பாத்த அவர குடுத்துட்டீங்க.”

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சபாபதி ஏதோ சமாதானம் சொன்னார். அவள் காதில் விழவில்லை. என் காதிலும்.

ஐப்பசி 13, புதன்

ராத்திரி பாதித் தூக்கம். பல் வீங்கிவிட்டது. பள்ளிக்கு லீவு.

சப்-ஜெயிலுக்குப் போனேன். எனக்கு முன்பே தனபாக்கியம், கையில் தூக்குவாளி. என்னிடம் பேசவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் காதர், தூங்காத கண்.

“கோவமாக்கா?”

“மொதல்ல சாப்புடு. கோவம் எங்க போவப் போவுது?”

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“அவரு கேசுக்கு சாட்சி யாரு?”

“நீங்கதான்.”

“வக்கீலாண்ட சொல்லிடுங்க. நா வர்றேன்.”

ஐப்பசி 19, செவ்வாய்

வெயில். ரொம்ப நாளைக்குப் பிறகு. பல் பிடுங்கியாயிற்று, பேச்சு குழறுகிறது.

அதே கோர்ட், அந்தப் பக்கத்துக்கு அதே வக்கீல். கூண்டில் தனபாக்கியம்.

“முன்ன பின்ன தெரியாத ஆம்பளைய ஏம்மா உள்ள விட்டே?”

“ரத்தம் வந்துச்சுங்க.”

“அது மட்டுந்தான் காரணமா?”

“வேற காரணம் வேணுங்களா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். ஊர்வலம் போனதுதான் காதர் செய்த குற்றம் என்று சபாபதி வாதாடினார், கொஞ்சம் நீளமாக. மாஜிஸ்திரேட் காதரையும் விடச் சொன்னார். மாமா அழுதுவிட்டார். சபாபதி கையைப் பிடித்து, “எங்க கடைக்கு வாங்க வக்கீலய்யா, எப்ப வேணா வாங்க,” என்று திரும்பத் திரும்ப.

மத்தியான ரயிலுக்குக் காதரும் மாமாவும் கிளம்பினார்கள். நானும் தனபாக்கியமும் நடந்தே திரும்பினோம். எனக்குச் சந்தோஷம், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல. பாதி வழியில் அவள் கேட்டாள்.

“இனிமே நா என் வூட்டுக்குப் போவலாமா டீச்சர்?”

எப்படிச் சொல்வது? எல்லை தாண்டிக் கால் வைத்தால் அங்கேயே பிடிப்பார்கள். இந்தக் கோர்ட்டு உத்தரவு இந்தப் பக்கம்தான் செல்லும். சொன்னேன்.

“அப்ப எதுங்க ஜெயிச்சது?”

“உங்கள அங்க அனுப்பக் கூடாதுன்னு.”

கறிகாய்க்காரியிடம் நின்று கத்தரிக்காய் பொறுக்கினாள். ஆயாவுக்குப் பிடிக்குமாம். பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

“கொல்லக் கதவ தாப்பா போடாம வந்துட்டேன் டீச்சர்.”