வாய்ப்பாட்டுக்குள் வாலு

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆடுகிறதா? எனக்குத் தொண்டைதான் சரியில்லை, மற்றபடி சுகமே.

மாற்றலாகி வந்த இந்தப் பள்ளியில் இனிமேல் எல்லாப் பாடத்தையும் கம்ப்யூட்டரில்தான் நடத்த வேண்டுமாம். நடத்தியதற்குப் போட்டோ வேறு அனுப்ப வேண்டும். வேலை குறையும் என்றார்கள், இரட்டிப்பானதுதான் மிச்சம். தொண்டைக்காவது ஓய்வு கிடைக்கட்டுமென்று, போன வாரம் அறையில் தனியாக உட்கார்ந்து இரண்டாம் வாய்ப்பாட்டை என் குரலில் பதிவு செய்தேன்.

மறுநாள் வகுப்பில் போட்டால், ஏழிரண்டு பதினாலுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் அதட்டுகிறது: “வாலு, காலை ஆட்டாம உக்காரு!” வீட்டில் நான் பாடம் தயாரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காலாட்டுவாளே, அந்தப் பழக்கத்தில் நாக்கு தானாகச் சொல்லியிருக்கிறது. நாற்பது பிள்ளைகளும் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தலைமையாசிரியர் கேட்டுவிட்டு, “அத எடுத்துடுங்கம்மா, ஆபீசர் வந்தா நான் என்ன பதில் சொல்றது?” என்றார். எடுத்துவிட்டேன். இன்று ஏழிரண்டு பதினாலு முடிந்ததும் முதல் பெஞ்சுச் சிறுமி எழுந்து கேட்கிறாள்: “டீச்சர், வாலு இன்னைக்கு லீவா?”

கரும்பலகையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

என் நீலச் சால்வையை அனுப்புங்கள். மூன்றாம் வாய்ப்பாட்டை வாலுவைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தும் அனுப்புங்கள். பாடத்துக்குத்தான். அவள் காலாட்டி நாற்காலி சத்தம் போட்டால் அதட்டாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டது.