காய்ந்திருந்த தட்டு

ஓசூர்
12.4.2006

தம்பி அருள்ஜோசப்புக்கு, முன் போர்ஷன் தங்கதுரை எழுதுவது.

உங்களிடம் நலம் விசாரிக்கலாமா என்ற தயக்கத்தில் முதல் தாளைக் கிழித்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். கிருபாராணியும் குழந்தையும் சுகமா? பெண் குழந்தை என்று மெக்கானிக் பாஸ்கரன் சொன்னார். உங்கள் விலாசத்தைத் தந்தவரும் அவரே.

போச்சம்பள்ளியில் இரண்டு வீட்டுக்காரர்கள் உங்களுக்கு வீடு தர மறுத்ததையும் அவர் சொன்னார். முன்பு குடியிருந்த வீடு எது என்று கேட்டு, நம் வீட்டுக்காரம்மா சரோஜம்மாளுக்குப் போன் செய்தார்களாம். "நாய்க்கு வெசம் வெச்சவனுக்கு வீடு குடுக்கறது உங்க இஷ்டம்" என்றாராம் அவர். நீங்கள் நண்பரின் அறையிலும், தாயும் பிள்ளையும் ராயக்கோட்டைத் தாய்வீட்டிலுமாகப் பிரிந்திருப்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் நாய் ராஜா என் கையால்தான் செத்தது. தெரிந்து செய்யவில்லை. தெரிந்த பிறகு வாயைத் திறக்கவும் இல்லை.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் கிருபாராணியை ஒரு வாரம் தாய்வீட்டில் விட என் பழைய ஃபியட்டில் போனோமே, சானமாவு காட்டோரம் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. யானை வரும் இடம், நிற்காதீர்கள் என்று வழியில் போனவர்கள் சத்தம் போட்டார்கள். ஆறு மாத வயிற்றோடு அவள் வெயிலில் நின்றது எனக்குப் பெரிய உறுத்தல். இனித் தண்ணீர் ஊற்றாமல் பச்சைக் கூலன்ட் ஊற்றும்படி பாஸ்கரன் சொன்னார். கொதித்து வழிவது வீணாகாமல் சேர்ந்து, சூடு ஆறியதும் ரேடியேட்டருக்கே திரும்பும்படி ஒரு தொட்டியை நானே செய்தேன். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன், மூடியில் இரண்டு துளை. ஒன்றில் ரேடியேட்டர் குழாய், மற்றதில் காற்றுக் குழாய்.

குழாயைக் கேனின் அடிவரை விட்டிருக்க வேண்டும். அடியில் தங்கும் துரு அடைத்துக்கொள்ளுமே என்று அதிகமாக யோசித்து மூடியோடு நிறுத்திவிட்டேன். உள்ளே போனது திரும்பவில்லை. கேன் நிறைந்து, காற்றுக் குழாய் வழியாகத் தரையில் சொட்டியது. தரை கறையாகக் கூடாதென்று ஒரு பழைய தட்டை அதன் கீழே வைத்தேன்.

மூன்று நாள் காலையிலும் தட்டு துடைத்ததுபோல் காய்ந்திருந்தது. கசிவு நின்றுவிட்டது என்று நோட்டில் எழுதினேன். அதற்கு அடுத்த வரியிலேயே, ரேடியேட்டரில் அரை டம்ளர் குறைகிறது என்றும் எழுதியிருக்கிறேன். முப்பத்தோரு வருடம் ஆலையில் அளவு சரிபார்த்தவன் நான். இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்கவில்லை.

நான்காம் நாள் ராஜா குடித்தவனைப்போலத் தள்ளாடியது. வாந்தி எடுத்தது. இரண்டு நாளில் போய்விட்டது. விஷம் என்றார் கால்நடை டாக்டர். உடனே எல்லோருக்கும் உங்கள் பேச்சுதான் ஞாபகம் வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, "தூங்க உடமாட்டேங்கறான் சார் இவன். ஒருநாள் பிரியாணில வெச்சுக் குடுத்தர்றேன் பாருங்க" என்று சிரிப்பீர்கள். கிருபாராணி மிச்சச் சோற்றை அதற்குப் போட்டுக்கொண்டே, "மொதல்ல எனக்கு பிரியாணி வாங்கிக் குடுங்க, அப்புறம் நாய்க்குப் பாக்கலாம்" என்பாள். சரோஜம்மாள், "சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னான், செஞ்சே போட்டான்" என்று அழுதார். அவர் மருமகன்தான் உங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர். உங்கள் காண்ட்ராக்ட் வேலையும் அந்த வாரமே போயிற்று.

நீங்கள் டெம்போவில் சாமான் ஏற்றிய காலையில் தட்டைப் பார்த்தேன். விளிம்புவரை பச்சையாக நிறைந்திருந்தது. நக்கிக் குடிக்க நாய் இல்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வந்து, "சார், நீங்களாவது சொல்லுங்க சார், நான் அப்படிப்பட்ட ஆளா?" என்று கேட்டீர்கள். சிந்திவிடக் கூடாதே என்று பார்ப்பவன்போல நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிருபாராணி மட்டும், "பெரியவரைத் தொந்தரவு பண்ணாதீங்க, வாங்க" என்றாள். பிறகு கூலன்ட் டப்பாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இனிப்புச் சுவை உடையது, பிராணிகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

இப்போது குழாயை அடிவரை நீட்டிவிட்டேன். சொட்டுவதில்லை. நான் காரை எடுப்பதும் இல்லை.

நடந்ததை எல்லாம் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டு, சரோஜம்மாளிடம் கொடுப்பதற்காக மூன்று முறை அவர் வாசல்வரை போனேன். ஒருமுறை என்ன வேண்டும் என்று அவரே கேட்டார். தண்ணீர் மோட்டார் போடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இந்த அறுபத்தெட்டு வயதில் வேறு வீடு தேடவேண்டுமே என்ற பயம். உங்களுக்கும் அதே தேடல்தான், கைக்குழந்தையோடு.

அந்தத் தாளின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர்களிடம் காட்டுங்கள், கம்பெனியிலும் காட்டுங்கள். என் தைரியத்தை நம்பி நீங்கள் காத்திருக்கக் கூடாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நாளைக் காலை மறுபடி அவர் வாசலுக்குப் போவேன்.

மன்னிப்பு என்று ஒன்றும் எழுதவேண்டாம். "கொடுத்தீர்களா?" என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள். கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. கேட்காமல் விட்டால் பேசாமல் இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

குழந்தை உங்கள் இருவரோடும் ஒரே வீட்டில் வளர வேண்டும். அவளுக்கு என் ஆசீர்வாதம், நீங்கள் அனுமதித்தால்.

இப்படிக்கு,
தங்கதுரை